கராச்சடிக் கேள்வி பதில்: பத்து நிமிசத்தில் களைக்கிற 135

கேள்வி: ஐயா, அப்பா காலத்து மசி பேர்கசன் 135 ரக்ரர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. வெறும் பெட்டியோடு றோட்டில் நன்றாக ஓடும். காலபோக உழவுக்கு வயலில் இறக்கினால் பத்து நிமிடம் இழுக்கும், பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்து நின்றுவிடும். கால் மணித்தியாலம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி பத்து நிமிடம் ஓடும். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் வரும். புகை அதிகம் இல்லை. பில்ரர் இரண்டும் மாற்றியாயிற்று. கராச்சில் எஞ்சினை இறக்கி ரிங், பிஸ்டன் போட வேண்டும், டீசல் பம்பையும் செய்ய வேண்டும் என்கிறார்கள். நெல்லுக் காசு முழுவதும் அதற்கே போய்விடும் போல. டீசலைப் பரலில் வைத்துத்தான் ஊற்றுகிறோம், 2022 இல் வந்த பழக்கம். என்ன செய்யலாம்?
— மட்டுவில் வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு எஞ்சினை இறக்க விடாதேங்கோ. உங்கட கடிதத்திலேயே எஞ்சினுக்கு நற்சான்றிதழ் இருக்கு. ரிங் தேய்ஞ்ச எஞ்சின் விடியக்காலமையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் வராது. சந்தேகம் எண்டால் சூடேறின பிறகு, ஓடேக்கை, எஞ்சின் ஒயில் ஊத்திற மூடியைக் கழட்டிப் பாருங்கோ. ரிங் போயிருந்தால் அதுக்குள்ளால புகை குபுகுபு எண்டு தள்ளும். லேசா ஆவி பறந்தால் பயமில்லை.

அடுத்தது, தேய்ஞ்ச ரிங் கால் மணித்தியாலம் ஆறினவுடன சுகமாகாது. நிண்டு வெளிக்கிட்டால் சுகமாகிற வருத்தம் எண்டால், எனக்கு முதலில் ஞாபகம் வாறது டீசல் டாங்கிதான். வெறும் பெட்டியை இழுக்கேக்கை எஞ்சின் கொஞ்சம்தான் குடிக்கும், சொட்டுச் சொட்டா வந்தாலும் சமாளிக்கும். கலப்பை மண்ணில் இறங்கினவுடன குடி கூடும். வாறது காணாமல் பில்ரரில் நிண்ட டீசல் குறைஞ்சு கொண்டு போய், ஆள் களைச்சுப்போடுவார். டீசல் காணாத எஞ்சின் கறுப்புப் புகையும் விடாது. புகை அதிகம் இல்லை எண்டு நீங்கள் எழுதினது பெரிய உதவி.

பார்க்கிற ஒழுங்கைச் சொல்லிறன். வயலில் சோரத் தொடங்கேக்கை டாங்கி மூடியைத் தளர்த்துங்கோ. உஸ் எண்டு காத்து உள்ளுக்கு இழுபட்டு எஞ்சின் தெளிஞ்சால், மூடியில் இருக்கிற காத்து ஓட்டை சேறு பிடிச்சு அடைபட்டிருக்கு. செலவு ஒரு ஊசி!

அது இல்லையெண்டால், டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் குடுக்கிற சின்னப் பம்பு, அதுதான் லிப்ட் பம்பு, அதுக்கு வாற பைப்பைக் கழட்டி ஒரு வாளிக்குள்ளை விடுங்கோ. இதில்தான் கன பேர் பிழை விடுறது. அரை நிமிசம் பார்த்திட்டு, "டீசல் வருகுதுதானே" எண்டு பைப்பைத் திருப்பிப் பூட்டிப்போடுவினம். உங்கட ரக்ரருக்கு வருத்தம் காட்ட நேரம் வேணும். வாளி நிரம்ப நிரம்ப மாத்தி, பத்து நிமிசம் ஓட விட்டுப் பாருங்கோ. பென்சில் மொத்தத்தில் தொடங்கின தாரை நூலாகுதா எண்டு பாருங்கோ.

போன வருசம் சரசாலையிலிருந்து இதே சோலியோட ஒரு 135 வந்தது. அவரும் அதுக்கு முதல் பம்பு வேலைக்குக் காசு குடுத்திட்டுத்தான் வந்தவர். டாங்கியைக் கழட்டிக் கவிட்டால், உள்ளங்கை அளவில் ஒரு துண்டுச் சொப்பின் பை. 2022 இல் கானோட லைனில் நிண்ட காலம் ஞாபகம் இருக்கும். மூடி துலைஞ்ச கானுக்குச் சொப்பின் பையைச் சுத்தி இறுக்கினவர். அதில் ஒரு துண்டு கிழிஞ்சு உள்ளுக்குப் போட்டுது. டீசல் இழுபடேக்கை அது மெல்ல வந்து டாங்கியில் டீசல் வெளிய போற வாயில் ஒட்டும், எஞ்சின் நிண்டவுடன விலகிப்போகும். அந்தத் துண்டை அவர் இன்னும் பேர்சுக்குள்ளை வைச்சிருக்கிறார், ஆருக்குக் காட்டவோ தெரியாது.

உங்கட டாங்கியில் பையாயும் இருக்கலாம், கறுப்புக் களியாயும் இருக்கலாம். கனநாள் நிண்ட டீசலில் தண்ணி சேர்ந்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளர்ந்து சளி மாதிரி வரும். பரலை மழையில் நிமித்தி வைக்காதேங்கோ. மேலே தேங்கிற தண்ணியை, இரவு குளிரேக்கை பரல் மூடியால உறிஞ்சும். கொஞ்சம் சரிச்சு, கொட்டிலுக்குள்ளை வையுங்கோ, அடியில் நாலு விரல் டீசலை எடுக்காமல் விடுங்கோ.

டாங்கியைக் கழுவிப் பூட்டினால் டீசல் லைனுக்குள்ளை போன காத்தை வெளிய எடுக்க வேணும். முதல் பில்ரரில், பிறகு டீசல் பம்பில் இருக்கிற இரண்டு ஸ்குரூவில், கடைசியா, எஞ்சினுக்குள்ளை டீசலை விசிறிற நொசிலின்ர நட்டுகளில். லிப்ட் பம்பின்ர கைப்பிடி லூசாய் ஆடினால் பம்பு பழுது எண்டு நினைக்காதேங்கோ, எஞ்சினை ஒரு சுற்றுச் சுத்தி விட்டால் பிடிக்கும். நொசில் பைப்பால அடிக்கிற டீசலுக்கு முன்னால மட்டும் கை நீட்டாதேங்கோ. தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும், பேந்து ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: செம்மண் தோட்டம் உழும்போது எங்கள் ரக்ரர் கறுப்புப் புகை தள்ளுகிறது, இழுவையும் குறைவு. பம்பில் ஒரு ஸ்குரூவைத் திருகினால் சரியாகும் என்கிறார்கள். திருகலாமா?
— உரும்பிராய் வாசகர்

பதில்: அந்த ஸ்குரூவுக்குக் கிட்டப் போகாதேங்கோ. உங்கட ஆளுக்கு டீசல் தாராளம், காத்துத்தான் காணாது. ஒயில் ஊத்திற ஏர் கிளீனர் எண்டால் அடிக் கிண்ணத்தைக் கழட்டுங்கோ. செம்மண் புழுதியில் ஒரு கிழமை உழுதால் ஒயில் கூழாய்ப் போயிருக்கும். கழுவி, கோடு மட்டத்துக்குப் புது ஒயில் விடுங்கோ. கோட்டுக்கு மேல ஊத்தினாலும் காத்து முட்டும், "கூட விட்டால் நல்லம்தானே" எண்ட கதை இதில் சரிவராது. மேல் கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் அலசுங்கோ. அதுக்குப் பிறகும் புகைச்சால் நொசில் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணக் குடுங்கோ.

கேள்வி: டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கலாமா?
— கைதடி வாசகர்

பதில்: உங்கட பம்பு எந்த வகை எண்டு எழுதேல்லை. 135 இல் வாற மாதிரி உருண்டைப் பம்பெண்டால் கூடாது. அதுக்கு ஒயில் தனியா இல்லை, தனக்குள்ளால போற டீசலிலதான் அதுக்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெயில் அது குறைவு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள்ளை வேற வழி இல்லாமல் நாங்களும் தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டுக் கலந்து ஓடினனாங்கள்தான். அந்த நாளில் கழட்டின பம்பொண்டின்ர உள்ளுக்குச் சுத்திற, கோடு விழுந்த றோட்டர் இப்பவும் என்ர மேசையில் கிடக்கு, பில்லுகள் பறக்காமல் மேல வைக்கிறனான்.