ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் - கடிதம்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு நிறுவனத்தில் யுஎக்ஸ் டிசைனராக (ஆப் பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி ஸ்கிரீன்களை வடிவமைப்பவர்) இருக்கிறேன். வேலை இரண்டு வாரச் சுற்றுகளாக நடக்கும், ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்பிரிண்ட். திங்கள்கிழமை பிளானிங்கில்தான் ஸ்டோரி, அதாவது செய்ய வேண்டிய வேலைத் துண்டு, என் கைக்கு வரும். புதன்கிழமையே 'ஸ்கிரீன் ரெடியா?' என்று டெவலப்பர்கள் வந்து நிற்பார்கள். ஒரு ஸ்பிரிண்ட் முன்னாலேயே டிசைன் செய்து தருகிறேன் என்றால், 'அது வாட்டர்ஃபால்' (ஒரு கட்டம் முழுக்க முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் பழைய முறை) என்கிறார், டீமின் வேலைமுறையைக் கவனிக்கும் ஸ்கிரம் மாஸ்டர். யூசர் டெஸ்டிங் பேச்சையே எடுக்க முடியவில்லை. இப்படிச் சின்னச் சுற்றுகளாக மென்பொருள் கட்டும் அஜைல் முறையில் டிசைனருக்கு இடம் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆரம்பத்தில் யாரும் இடம் போட்டு வைக்கவில்லை என்பது உண்மைதான். 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரும் மென்பொருள் கட்டும் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்யச் சொன்னார்கள். நம் ஆபீஸ்களில் அது க்ளையன்ட்டோடு வாராவாரம் கால் பேசுவதாகச் சுருங்கிவிட்டது. காசு கொடுப்பவர் ஒருவர், ஸ்கிரீனோடு மல்லுக்கட்டுபவர் வேறொருவர்.

நீங்கள் கேட்கும் முறை பழையதுதான். கனடாவின் டொரண்டோவில் ஏலியஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் (பிற்பாடு ஆட்டோடெஸ்க் வாங்கியது) அப்படித்தான் செய்தார்கள். அங்கே வேலை பார்த்த லின் மில்லர் 2005-இலும் டெசிரே சை 2007-இலும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். டெவலப்பர்கள் இந்த ஸ்பிரிண்டுக்கான புரோகிராமை எழுதும்போது, டிசைனர்கள் அடுத்த ஸ்பிரிண்டுக்கு வரைவார்கள். போன ஸ்பிரிண்டில் கட்டியதை யூசர்களிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். இதைப் பின்பற்றியவர்கள் பலர் அந்த அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தையை விட்டுவிட்டார்கள். வரைந்து, ஃபிக்மா (டிசைன் வரையும் செயலி) லிங்கை அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் ஸ்கிரம் மாஸ்டர் சொல்வது சரி, அது குட்டி வாட்டர்ஃபால்தான். டொரண்டோக்காரர்கள் டிசைனைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, டெவலப்பர்களோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

யூசர் டெஸ்டிங்குக்கு ஐந்து பேர் போதும், ஒரே பெரிய டெஸ்டைவிடச் சின்னதாகப் பல முறை செய்வது மேல் என்று 2000-இல் எழுதினார் யூசர் டெஸ்டிங் நிபுணர் ஜேக்கப் நீல்சன். அந்த ஐந்து என்ற கணக்கில் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இரண்டு பேரை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

ஒருமுறை சரக்குக் கிடங்குக்கான ஆப் ஒன்று. ஸ்டாக் எழுதுபவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, டெவலப்பரை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேசக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஸ்டாக் எழுதுபவர் எண்ணிக்கையை அடித்தார். கீபோர்டு மேலே வந்து 'சேமி' பட்டனை மறைத்துவிட்டது. போனைப் படுக்கவைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். கடைசியில் பேக் பட்டனை அழுத்த, எழுதியதெல்லாம் போயிற்று. 'நமக்குத்தான் தெரியல போல' என்று சிரித்தார். டெவலப்பர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு ஸ்பிரிண்டாக பேக்லாகில், அதாவது பாக்கி வேலைப் பட்டியலில், அடியில் கிடந்த விஷயம், அன்று சாயந்திரமே சரியாகிவிட்டது.

அதனால் ஸ்கிரம் மாஸ்டரோடு வாட்டர்ஃபாலா இல்லையா என்று வாதாட வேண்டாம். அடுத்த டெமோவுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் மட்டும் கேளுங்கள். நிஜமாகவே அந்த ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். பக்கத்து நாற்காலியில் ஸ்கிரம் மாஸ்டரையே உட்கார வையுங்கள். அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள்.