வாசகர் கேள்விகள்: பட்டிமன்றப் பேச்சு டி.வி.க்கு உதவுமா?

கல்லூரிப் பட்டிமன்றங்களில் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறேன். 'நீயா நானா' மாதிரி ஒரு நிகழ்ச்சியை நடத்த இது போதுமா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

சபைக் கூச்சம் போயிருக்கும், அது லாபம். மற்றபடி பட்டிமன்றப் பழக்கம் ஆரம்பத்தில் இடைஞ்சல்தான். அங்கே கைதட்டல் உங்களுக்கு. இங்கே அது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் போக வேண்டும். 2006-ல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் கோபிநாத் என்ன பேசுகிறார் என்பதை விடுங்கள். எங்கே குறுக்கிடுகிறார், எங்கே விட்டுப்பிடிக்கிறார் என்று பாருங்கள்.

பழகுவதற்கு, மாங்காய்க்கு மாங்கூழ் ஆலை கொடுக்கும் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயியிடம் "ஆலை கொடுக்கிற விலை நியாயமா?" என்றால், "எங்கங்க நியாயம்!" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "கடைசியா லோடு கொண்டுபோன அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். வண்டி காத்துக் கிடந்தது, எடை போட்டது, கழிவு பிடித்தது எல்லாம் வரும். அந்தக் 'கழிவு' காதில் விழுந்ததும், "எவ்வளவு பிடிச்சாங்க?" என்று கேட்டால் அதுதான் நிகழ்ச்சி. இந்த இரண்டாவது கேள்வியை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போக முடியாது. அதனால் கை அட்டையில் ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று சொல் போதும். முழு வாக்கியம் எழுதினால், அவர் முக்கியமானதைச் சொல்லும் நேரத்தில் உங்கள் கண் அட்டையில் இருக்கும்.

"ம்... சரி... ஆமா" என்று கொட்டுவதையும் விடுங்கள். அது அவருடைய மைக்கிலும் பதிவாகிவிடும், எடிட்டரால் வெட்ட முடியாது. தலையசைத்தால் போதும். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. சேனல் அதை முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு மிஞ்சுவது 48 நிமிடம். பதிவு அதைவிட நீளமாக ஓடும். அதனால் வெட்டுவதற்கு இடம் கொடுத்துப் பேசுவதும் உங்கள் வேலைதான்.

மாங்காய் மண்டியில் செல்போனில் பேட்டி எடுத்தேன். காலர் மைக் மாட்டியும் ஒரே கரகரப்பு. ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பெரும்பாலும் துணி உரசல். மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சு நடுவில், துணிக்கு வெளியே மாட்டுங்கள். புடவையென்றால் முந்தானை ஓரத்தில். தாலிச் சங்கிலியோ துண்டோ வந்து இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி உள்பக்கம் டேப் ஒட்டினால் இழுப்பு மைக் வரை போகாது.

ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் லாரி இரைச்சல் மேலே ஏறிவரும். சத்தமாகப் பேசும்போது ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் சரி. திறந்தவெளிக் காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை தாங்காது, முடி உறை வேண்டும். பேட்டி முடிந்ததும் மண்டிச் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பதியுங்கள். வெட்டிய இடங்களை மறைக்க உதவும்.

ஓப்ரா வின்ஃப்ரே எப்படி மேலே வந்தார்?
– வாசகர், அரூர்

1954-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த டி.வி. பேட்டியாளர் அவர், பள்ளி வயதிலேயே நாஷ்வில் வானொலியில் செய்தி வாசித்தார். பால்டிமோரில் செய்தி வாசிப்பாளர் இடத்திலிருந்து இறக்கிவிட்டு, 1978-ல் ஒரு பேட்டி நிகழ்ச்சியில் உட்கார வைத்தார்கள். அதுதான் அவருக்கு வாய்த்த இடம். 1984-ல் சிகாகோ போனார். அவர் பெயரிலான நிகழ்ச்சி 1986 செப்டம்பர் முதல் 2011 மே வரை நாடு முழுக்க ஓடியது. இடையில் அதன் உரிமையைத் தன் ஹார்ப்போ நிறுவனத்துக்கே வாங்கிக்கொண்டார். புகழைவிட அந்தச் சாமர்த்தியம்தான் பெரிது என்பேன்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். 'ழ' தகராறு செய்கிறது. வாய்ப்புக் கிடைக்குமா?
– வாசகி, ஓசூர்

வீட்டு மொழியை யாரும் பார்ப்பதில்லை. குரல் தேர்வில் 'ல, ள, ழ' குழம்பினால் பிடித்துவிடுவார்கள். 'ள'வுக்கு நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடங்கினாலும் தொடாது. கிலி, கிளி, கிழி என்று தினமும் பத்து நிமிடம் போனில் பதிந்து கேளுங்கள். தர்மபுரி வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் இருக்கும். எழுத்தில் உள்ளூர் விஷயங்களைப் படித்துப் போவது நல்லது.