கல்லூரி நூலகக் கணினிகளுக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

ஏதோ ஒன்று இருக்கட்டும். ஆனால் பட்ஜெட்டில் முதல் செலவு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்காக இருக்கட்டும். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் நூலகக் கணக்கைப் பார்க்கும் கோஹா மென்பொருள் ஒரு விண்டோஸ் கணினியில், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினி போல) ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் கோப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். கோஹா தினமும் தானாகவே பேக்கப் எடுக்கும், ஆனால் அதே சர்வரிலேயே வைத்துக்கொள்ளும். அது போயிற்று. வெளி டிஸ்க் ஒன்று இருந்தது, மாதக்கணக்கில் கழற்றாமல் செருகியே வைத்திருந்தோம். அதுவும் போயிற்று. அப்புறம் ஆக்சஷன் ரெஜிஸ்டரை, அதாவது வாங்கிய புத்தகங்களை வரிசையாக எழுதி வைக்கும் பதிவேட்டை, விரித்து வைத்து, நானும் உதவியாளர் அக்காவும் புத்தகம் புத்தகமாக மறுபடி ஏற்றினோம். யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் கிடைக்கவே இல்லை.

அது உள்ளே புகுந்த வழி எது தெரியுமா? சாப்ட்வேர் ஆள் வெளியிலிருந்து வேலை பார்ப்பதற்காகத் திறந்து வைத்த ரிமோட் டெஸ்க்டாப், சுலபமான பாஸ்வேர்டோடு.

லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் தாக்கப்பட்டதும் ஏறக்குறைய இப்படித்தான். வெளியாட்கள் நுழைய வைத்திருந்த சர்வர் வழியாகத்தான் புகுந்திருக்க வேண்டும், அதற்கு ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு இல்லை என்று நூலகமே 2024 மார்ச் அறிக்கையில் எழுதியது. கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. தாக்கிய ரைசிடா கும்பல் சுமார் 600 ஜிபி தகவலைத் திருடி இணையத்தில் கொட்டியது. டிஜிட்டல் சேகரிப்புகளின் நகல்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை மீட்டு ஏற்றுவதற்குச் சரியான கணினிகள்தான் இல்லை. நூல் அட்டவணை 2024 ஜனவரியில்தான் திரும்பியது, அதுவும் தேடிப் பார்க்க மட்டும்.

அதைப் படித்த பிறகு, பருவத்துக்கு ஒருமுறை எங்கள் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, நாலு புத்தகம் தேடிப் பார்க்கிறோம். முதல் தடவை ஏறவே இல்லை, கோஹா பதிப்பு பழையது. நல்லவேளை, அன்று அவசரம் எதுவும் இல்லை.

மாணவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: “நூலகக் கணக்கு முடியப்போகிறது, லாகின் செய்யவும்” என்று வரும் மெயிலை நம்ப வேண்டாம். அச்சு அசலாகப் பல்கலைக்கழக லாகின் பக்கம் போலவே செய்து, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாஸ்வேர்டு திருடியதாக அமெரிக்கா 2018-இல் 9 ஈரானியர்கள் மீது வழக்குப் போட்டது. திருடியது ஆய்வுக் கட்டுரைகளுக்காக.

பிரவுசிங் கணினிகள் எப்போதும் சர்வரோடு சேராத தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

சரி, இன்று மாலை பூட்டும் முன் உங்கள் சர்வரின் பின்பக்கம் பாருங்கள். டிஸ்க் செருகியிருந்தால் கழற்றி பீரோவில் வையுங்கள்.