கப்பல் தளத்திலிருந்து தெரிந்த கரை: ஜோசப் கான்ராட் கேள்வி பதில்

கடலோடியாக இருந்து நாவலாசிரியர் ஆன ஜோசப் கான்ராட் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அவரைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி அறிமுகம்: 1857இல், இன்று உக்ரைனில் இருக்கும் பெர்டிச்சிவ் என்ற ஊரில் போலந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1874இல் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறினார், 1894 வரை அந்தத் தொழில்தான். அதன் பிறகு 1924இல் சாகும்வரை எழுத்து. நான் வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இலக்கியப் பேராசிரியர் அல்ல. பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டேங்கர் கப்பலில் தேர்டு மேட், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி): அண்ணா, துறைமுகத்தில் எங்களுக்குக் கிடைப்பதே சில மணி நேரம்தான். கேட்டுக்கு வெளியே ஒரு டாக்சி, ஒரு சிம் கார்டு கடை, அவ்வளவுதான். இப்படி வாழ்ந்த ஒருவர் அடுத்த நாட்டு மக்களைப் பற்றி எப்படி நாவல் எழுதினார்?

தம்பி, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கான்ராடைப் பற்றி நான் சொல்ல நினைப்பதே இதுதான். கடல் வாழ்க்கை அவருக்கு மற்ற மக்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவைக் கொடுக்கவில்லை. கப்பல்காரனுக்குக் கிடைக்கும் அரைகுறைப் பார்வையைத்தான் கொடுத்தது. யாரோடு சேர்ந்து வேலை பார்த்தாரோ அவர்களுக்கு அவர் எழுத்தில் முகம் இருக்கிறது. கரையில் நிற்க, இவர் கடந்து போனவர்கள் வெறும் கூட்டமாகவே நின்றுவிட்டார்கள்.

முதல் நாவலையே பாருங்கள். 1887 ஆகஸ்டில் சிங்கப்பூரில் 'விதார்' என்ற சிறு நீராவிக் கப்பலில் முதல் மேட்டாக, அதாவது தலைவருக்கு அடுத்த அதிகாரியாகச் சேர்ந்தார். உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்த ஓர் அரபு வணிகர். அடுத்த ஜனவரி வரை நான்கு நடை. போர்னியோ, செலபஸ் (இன்றைய சுலவேசி) தீவுக் கரைகளில் சரக்கு இறக்கி ஏற்றும் வேலை. அந்த வழியில் பெராவு ஆற்றுக்குள் போய், காட்டுக்கு நடுவே ஒரு வியாபார நிலையம். அங்கே ஓல்மேயர் என்று ஒரு டச்சு வம்சாவளிக் கலப்பின வியாபாரி. கப்பல் அங்கே நின்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது.

ஆனால் கப்பல் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. உங்கள் டேங்கருக்கும் அந்தக் கப்பலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். அரபு வணிகர், மலாய்ப் பிரமுகர், சீனக் கடைக்காரர், டச்சு அதிகாரி என்று எல்லாரும் ஒரே படகுத்துறைக்கு வந்து பேரம் பேசியாக வேண்டும். மேட்டுக்கு அங்கே உட்கார்ந்தே பாதி நாடகம் தெரிந்துவிடும். அந்த ஓல்மேயருக்கு பாலியிலிருந்து ஒரு மட்டக்குதிரை கொண்டுபோய் இறக்கியதும், இறக்கியவுடன் அது பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியதும் கான்ராடின் நினைவுக் குறிப்பில் வருகிறது. அந்த மனிதரை மட்டும் நன்றாகப் பழகித் தெரிந்துகொள்ளாமல் போயிருந்தால் தன் எழுத்தில் ஒரு வரிகூட அச்சேறியிருக்காது என்கிறார். 1895இல் வந்த 'அல்மேயர்ஸ் ஃபாலி' அவரை வைத்து எழுதியதுதான். அதில் அல்மேயரின் மகள் நீனா, ஐரோப்பியக் கனவிலேயே மூழ்கிக் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு, அம்மாவின் மலாய் உலகத்தைத் தேர்ந்து காதலனோடு போகிறாள். 1895இல் ஓர் ஆங்கில நாவல் அவள் முடிவை நியாயமாகவே காட்டியது சாதாரணமல்ல.

மலாய் மக்களை அவர் சரியாகத்தான் காட்டினாரா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். மலாயாவில் அதிகாரியாக இருந்த ஹியூ கிளிஃபோர்டு, இவருக்கு மலாய்க்காரர்களைத் தெரியவில்லை என்று அப்போதே எழுதினார். கான்ராட் பெரிதாக மறுக்கவில்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலும் அதுபோன்ற வேறு புத்தகங்களும் அவருக்குப் பெரிய துணை. பிறகு கிளிஃபோர்டும் கான்ராடும் நல்ல நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

கேள்வி: கான்ராட் சென்னைக்கு வந்திருக்கிறார் என்று எங்கோ படித்தேன். உண்மையா சார்?

உண்மை. 1884 ஏப்ரலில், 'ரிவர்ஸ்டேல்' என்ற பாய்மரக் கப்பலில் இரண்டாம் மேட்டாக வந்தார். ஆனால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கப்பல் தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று கரைக்குப் போய் மருத்துவரை அழைத்தவர், தலைவர் குடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அது தலைவர் காதுக்குப் போய்விட்டது. வேலை போனது. நடத்தைச் சான்றில் நல்ல வார்த்தை எழுதவும் தலைவர் மறுத்துவிட்டார். அதிகாரியாக வேலை தேடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று கப்பல்காரர்களுக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து ரயிலேறி பம்பாய் போனார். அங்கே 'நார்சிசஸ்' என்ற கப்பலில் இடம் கிடைத்தது. ஐரோப்பா திரும்பும் அந்தப் பயணத்தில் கறுப்பின மாலுமி ஒருவர் இறந்துபோனார். 1897இல் வந்த நாவலுக்கு அதுதான் விதை. அதன் தலைப்பிலேயே இன்று அச்சிடக் கூசும் ஒரு வசைச்சொல் இருக்கிறது, அதனால் இங்கே எழுதவில்லை. சென்னைச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் அந்த நாவலும் இல்லை. சென்னையை வைத்துத் தனியாக அவர் எதுவும் எழுதவில்லை. வந்தார், சண்டை போட்டார், போய்விட்டார்.

கேள்வி (எம்.ஏ. ஆங்கிலம், இறுதியாண்டு): ஐயா, 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எங்களுக்குப் பாடம். காங்கோவுக்கு அவர் உண்மையிலேயே போனாரா? நைஜீரிய எழுத்தாளர் அச்சிபி சொல்வது போல அது இனவெறி நாவல்தானா? தேர்வில் இரண்டு பக்கமும் எழுதச் சொல்கிறார்கள், எனக்கு உங்கள் கருத்து வேண்டும்.

போனார். 1890இல், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து போல இருந்த காங்கோவுக்கு, ஒரு பெல்ஜிய வணிக நிறுவனத்தின் ஆற்றுக் கப்பலை ஓட்ட மூன்று வருட ஒப்பந்தத்தில் போனார். உள்ளூர்க்காரர்களோடு நடந்த தகராறில் ஃப்ரைஸ்லேபன் என்ற கப்பல் தலைவர் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் காலியிடம்தான் இவருக்குக் கிடைத்தது. ஜூனில் மத்தாடி என்ற ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ரோஜர் கேஸ்மென்டைச் சந்தித்தார். பின்னாளில் காங்கோக் கொடுமைகளை அறிக்கையாக எழுதி உலகுக்குச் சொன்னவர் அவரே. மத்தாடிக்கு மேலே அருவிகள், கப்பல் போகாது. அதனால் கின்ஷாசாவரை ஏறத்தாழ 370 கிலோமீட்டர் நடை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இது தேர்விலும் உதவும். காங்கோவில் அவர் எழுதிய இரண்டு குறிப்பேடுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலாவது அந்த நடைப்பயண நாட்குறிப்பு. அதில் வழியோரம் கிடந்த பிணங்கள், கம்பத்தில் கட்டப்பட்ட ஓர் எலும்புக்கூடு, காய்ச்சலில் விழுந்த பருத்த ஐரோப்பியத் துணையாளைத் தூளியில் சுமக்க முடியாமல் சண்டையிடும் சுமைகூலிகள், எல்லாம் வருகிறது. இரண்டாவது, 'ரோய் தெ பெல்ழ்' என்ற நீராவிப் படகில் ஆற்றில் மேலே போகும்போது எழுதியது. அதில் மனிதர்களே கிடையாது! மணல்திட்டு எங்கே, நீருக்குள் மரம் எங்கே, எந்தத் தீவை எந்தப் பக்கம் விட்டு ஒதுங்க வேண்டும், விறகு எங்கே கிடைக்கும் என்பதுதான் பக்கம் பக்கமாக. குற்றம் சொல்ல முடியாது. பழகாத ஆற்றில் கப்பல் ஓட்டக் கற்பவனின் கண் தண்ணீரை விட்டு நகராது. நகர்ந்தால் கப்பல் தரைதட்டும்.

நாவலிலும் அப்படியே. கரையோரச் சங்கிலிக் கைதிகள், மர நிழலில் கிடந்து சாகும் கூலிகள், இவர்களைப் பற்றிய பக்கங்கள் கால்நடையாகப் போனவன் கண்டவை, இன்றும் உறைக்கின்றன. ஆற்றில் ஏறியதும் ஆப்பிரிக்கர்கள் கறுத்த கைகளாக, சுழலும் கண்களாக, கூச்சலாகக் குறுகிவிடுகிறார்கள். இன்னொன்றும் செய்தார். 1890இல் அந்த ஆற்றில் வேறு நீராவிப் படகுகள் ஓடின, கரையில் வணிக நிலையங்களும் மிஷன்களும் இருந்தன. நாவலில் அதையெல்லாம் துடைத்துவிட்டு, உலகம் தோன்றிய காலத்து ஆறு போலக் காட்டினார். அது கடல் அனுபவம் செய்த வேலை அல்ல. எழுத்தாளர் தெரிந்தே செய்தது.

சினுவா அச்சிபி 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக உரையில் பிடித்தது இதைத்தான். ஒரு கண்டத்தையே ஓர் ஐரோப்பியனின் மனச்சிதைவுக்குப் பின்னணித் திரையாக மாற்றிவிட்டார், ஆப்பிரிக்கர்களுக்குப் பேச்சே கொடுக்கவில்லை, கொடுத்த ஓரிரு இடத்திலும் உடைந்த ஆங்கிலம் என்றார். என்னைக் கேட்டால் அச்சிபி வைத்த குற்றச்சாட்டு நிற்கிறது. 'அந்தக் காலத்து மனிதர்தானே' என்ற சமாதானம் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் கான்ராடால் வேறு மாதிரியும் எழுத முடிந்தது. 1897இல் வந்த 'ஆன் அவுட்போஸ்ட் ஆஃப் ப்ராக்ரஸ்' கதையும் காங்கோதான். அதில் சியரா லியோனிலிருந்து வந்த மக்கோலா என்ற கணக்கர் இருக்கிறார். பேசுகிறார், கணக்குப் போடுகிறார், நிலையத்து ஆட்களையே தந்தத்துக்கு விற்றுவிடுகிறார். நல்லவர் இல்லை. ஆனால் முழு மனிதர். அவர் மேலதிகாரிகளான இரண்டு வெள்ளைக்காரர்கள் கடைசியில் சர்க்கரைக்காகச் சண்டை போட்டு ஒருவர் மற்றவரைச் சுட்டுவிடுகிறார்.

அதே சமயம், தந்த வேட்டையின் கொள்ளையை இவ்வளவு அருவருப்போடு அப்போது நாவலில் எழுதியவர்கள் குறைவு. இரண்டும் ஒரே ஆள்தான். தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் குறைந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: 'லார்ட் ஜிம்' உண்மைக் கதையா?

பாதி உண்மை. 1880 ஜூலையில் 'ஜெட்டா' என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து, வழியில் பினாங்கிலும் ஆளேற்றிக்கொண்டு, ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளோடு புறப்பட்டது. ஆகஸ்டில் ஏடனுக்கு முன்னால் புயலில் மாட்டித் தண்ணீர் ஏறியது. கப்பல் தலைவரும் அதிகாரிகளும் பயணிகளை அப்படியே விட்டுவிட்டுப் படகில் இறங்கித் தப்பினார்கள். வேறொரு கப்பல் அவர்களை ஏடனில் சேர்த்தது. ஜெட்டா மூழ்கிவிட்டது என்று சாதித்தார்கள். மறுநாளே இன்னொரு கப்பல் ஜெட்டாவை இழுத்துக்கொண்டு அதே ஏடனுக்கு வந்து நின்றது, பயணிகளோடு!

கான்ராட் அந்தக் கப்பலில் இல்லை. ஆனால் கிழக்குத் துறைமுகங்களில் இந்தப் பேச்சு ஓயவில்லை. முதல் மேட்டாக இருந்த வில்லியம்ஸ் பிறகு சிங்கப்பூரிலேயே கப்பல்களுக்குப் பொருள் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தார். 1900இல் வந்த நாவலில் ஜிம்முக்கும் அதே வேலை.

எனக்குப் பிடித்த இடம் விசாரணைக் காட்சி. வெள்ளை அதிகாரிகள் குதித்தபோதும் இரண்டு மலாய்ச் சுக்கான்காரர்கள் சக்கரத்தை விடாமல் நின்றார்கள். அவர்களில் முதியவரைக் கேட்கிறார்கள், அப்போது என்ன நினைத்தாய் என்று. சாவுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் கப்பலை விடுவார்கள் என்று தோன்றவே இல்லை, ஏதோ ரகசியக் காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்கிறார். தன் வாழ்நாளில் கப்பலோட்டிய தலைவர்களின் பெயர்களையும் கப்பல்களின் பெயர்களையும் அடுக்கிக்கொண்டே போகிறார், நிறுத்தச் சொல்லும்வரை. அவருக்கு நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் இரவுக் காவலில் அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்றவர்தான் அதை எழுத முடியும். 1902இல் வந்த 'தி எண்ட் ஆஃப் தி டெதர்' கதையிலும் இப்படித்தான். கண் மங்கி வருவதை மறைத்துக் கப்பலோட்டும் கிழத் தலைவருக்கு அருகில் நிற்கும் மலாய் செராங்கே (மாலுமிகளின் தலைவர்) கண்ணாக இருக்கிறார்.

கேள்வி: போலந்துக்காரர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்?

இருபது வயதை ஒட்டி, 1878இல் ஆங்கிலக் கப்பல்களில் சேர்ந்த பிறகு கற்ற மொழி அது. 1886இல் பிரிட்டிஷ் குடியுரிமையும், கப்பல் தலைவருக்கான சான்றிதழும் வாங்கினார். கடைசிவரை உச்சரிப்பு அழுத்தமான அந்நிய உச்சரிப்புதான் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்பா அப்பொல்லோ ரஷ்ய ஆட்சியை எதிர்த்த கவிஞர். 1862இல் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். அம்மா 1865இலும் அப்பா 1869இலும் இறந்துவிட்டார்கள். அந்நிய ஆட்சி என்றால் என்ன என்று சிறுவயதிலேயே தெரிந்தவர். காங்கோவில் மற்ற ஐரோப்பியர்கள் கவனிக்காததை இவர் கவனித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 'நாஸ்ட்ரோமோ' படித்தால் தென் அமெரிக்காவில் வருடக்கணக்கில் வாழ்ந்தவர் போல இருக்கிறதே?

1876 வாக்கில் வெனிசுவேலா கரையைச் சில நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. மீதி எல்லாம் புத்தகங்கள், அந்தக் கண்டத்தை நன்றாக அறிந்த நண்பர் கன்னிங்ஹாம் கிரேமின் பேச்சு. முதல் பதிலில் நான் சொன்ன கணக்கு இந்த நாவலுக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். துறைமுகத்தையும் படகுக் கூலிகளையும் எழுதும்போது மட்டும் கப்பல்காரர் தெரிகிறார்.

கேள்வி: இதுவரை அவரை ஒன்றுமே படித்ததில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

'ஏமி ஃபாஸ்டர்' என்ற கதையில். 1901இல் வந்தது, ஒரே உட்காரலில் முடியும். அமெரிக்காவுக்குப் போகக் கப்பலேறிய ஒரு கிழக்கு ஐரோப்பிய மலைக்கிராமத்து இளைஞன், கப்பல் உடைந்து இங்கிலாந்தின் கென்ட் கரையில் ஒதுங்குகிறான். ஊர் அவனைப் பைத்தியம் என்று கல்லால் அடிக்கிறது. ஒருத்தி மட்டும் ரொட்டி கொடுக்கிறாள், அவளையே கட்டிக்கொள்கிறான். பிறகு காய்ச்சலில் தன் மொழியில் தண்ணீர் கேட்கிறான். அந்தப் புரியாத பேச்சில் அரண்டு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். இங்கே கரை இங்கிலாந்து, காட்டுமிராண்டியாகப் பார்க்கப்படுபவன் ஐரோப்பியன்.

அப்புறம் 'யூத்'. நிலக்கரி ஏற்றி பாங்காக் போன 'பாலஸ்தீன்' கப்பல் 1883இல் சுமத்ராவுக்கு அருகே தீப்பிடித்த சொந்த அனுபவம் அது. அது பிடித்தால் 'லார்ட் ஜிம்' எடுங்கள். விசாரணை முடியும்வரை கதை முன்னும் பின்னும் தாவும், அங்கேதான் பலர் புத்தகத்தை மூடுகிறார்கள். காங்கோ நாவலையும் அச்சிபியின் உரையையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள்.