ஒரு பக்கத்தோடு போய்விடுகிறார்களே!

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றுக்காக இணையதளம் நடத்துகிறேன். வருகிறவர்கள் உடனே போய்விடுகிறார்கள். வடிவமைப்பு அவ்வளவு முக்கியமா?
– வாசகர், தேனி

பதில்: முக்கியம்தான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லி விநாடி காட்டிப் பார்த்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள்ளேயே பிடித்ததா இல்லையா என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

உங்கள் தளத்தைப் போனில் திறந்தேன். முதலில் வந்தது திரையையே மறைக்கும் அறிவிப்புப் பெட்டி. அதை மூடும் குறியோ கடுகளவு. அப்புறம் கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. வரிகள் நெருக்கமாக இருப்பதால் ‘கீ’, ‘தீ’ போன்றவற்றின் மேலுள்ள வளைவுகள் முந்தைய வரியில் முட்டுகின்றன. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரி உயரத்தை எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வையுங்கள். குளக்கரைக் கல்வெட்டு பற்றிய கட்டுரையை மூன்றாவது முயற்சியில்தான் படித்தேன். எவ்வளவு நல்ல கட்டுரை! மனசுக்கு வருத்தமாக இருந்தது.

சரி, அலங்காரம் கூட்ட வேண்டுமா? வேண்டாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கம் மிக எளிமையானது. பழைய நூல் தேவையென்றால் நான் இன்றும் அங்கேதான் போகிறேன். தேடியது கிடைக்கிறது, படிக்க முடிகிறது.

முதலில் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். கல்வெட்டுக் கட்டுரையின் அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறேன்.