ஒரே கோடு இரண்டாக வருவது பற்றி

வணக்கம் நண்பரே. பேனாவால் வரைந்த பறவைப் படத்தை ஸ்கேன் செய்து ட்ரேஸ் செய்தால் (கணினிக் கோடுகளாக மாற்றினால்) ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு கோடுகள் வருகின்றன, அந்தக் கோடுகளின் வழியே செதுக்கும் ரூட்டர் இயந்திரமும் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

பேனாக் கோட்டுக்கு அகலம் உண்டு. சாதாரண ட்ரேஸ் அதை ஒரு கறுப்புப் பட்டையாகப் பார்த்து, அதன் இரு கரைகளையும் வரைந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது பட்டையின் நடுக்கோடு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 1.0 பதிப்பு முதல், பிட்மேப் ட்ரேஸ் பகுதியிலேயே 'சென்டர்லைன்' தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். வி-பிட்டால் (வி வடிவ வெட்டும் முனையால்) பட்டையின் அகலம் முழுவதையும் குடைந்தெடுப்பதாக இருந்தால் மட்டும் இரு கரைகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

திக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள்தான். ஜேபெக் படத்தில் கோட்டோரம் சாம்பல் பிசிறு படியும். ட்ரேஸ் அந்தப் பிசிறையும் விடாமல் பின்தொடரும். ஒரு சின்ன வளைவில் நூறு புள்ளிகள் விழுந்தால் இயந்திரம் வேகம் பிடிக்க முடியாமல் தடுமாறும். அதனால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். சாம்பல் நிறமே மிஞ்சாமல் தூய கறுப்பு வெள்ளையாக்கிய பிறகு ட்ரேஸ் செய்யுங்கள். பிறகு புள்ளிகளைக் குறைக்கும் கன்ட்ரோல்+எல், ஒரே ஒரு முறை. மேலும் அழுத்தினால் பறவை அலகின் கூர்மை மழுங்கிவிடும், அருமையான கோடு வீணாகும். மீதிப் புள்ளிகளைக் கையால் நீக்குவதே நல்லது. பொறுமை வேண்டும், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

இறகுகளை வெட்டியெடுப்பதாக இருந்தால் இன்னொன்று: 3 மி.மீ. பிட் உள்மூலைகளில் 1.5 மி.மீ. ஆர வளைவை விட்டுத்தான் திரும்பும்.