லெப்டிஸ் மாக்னா: கேட்டதும் சொன்னதும்

கல்லூரி மாணவி: சார், இது ரோமர்கள் கட்டிய ஊரா?

இல்லையம்மா. லிபியாவில், திரிபோலிக்குக் கிழக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ள இடிபாடாக நிற்கும் இந்தக் கடற்கரை ஊருக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் பினீசிய வணிகர்கள், அதாவது இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடலோடிகள். ரோமர்கள் அப்புறம் வந்தவர்கள்.

ஜவுளிக்கடைக்காரர்: பழைய சந்தை அப்படியே இருக்கிறதாமே?

நான் முதலில் காட்ட நினைக்கும் இடமே அதுதான். கி.மு. 8-இல் அன்னோபால் தபாபியுஸ் ரூஃபுஸ் என்ற உள்ளூர்ப் பணக்காரர் கட்டிக்கொடுத்தது. பெயரைப் பாருங்கள்: முன்பாதி பினீசிய வழிவந்த பியூனிக், பின்பாதி ரோமானியம். சந்தையில் ஒரு கல்லில் மூன்று நீள அளவுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: ரோம அடி, பியூனிக் முழம், எகிப்தின் தாலமி முழம். எந்த ஊர் வியாபாரி வந்தாலும் துணியைக் கல்லோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் முழம், என் முழம் என்ற சண்டையே வேண்டாம். தானியம் அளக்கக் குழி வெட்டிய கல்மேசை தனி. சில ஆண்டுகள் கழித்து இவரே ஒரு நாடக அரங்கமும் கட்டினார். அதன் கல்வெட்டு இரண்டு மொழிகளில் இருக்கிறது, லத்தீனிலும் பியூனிக்கிலும்.

வாசகர்: ஊருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து?

ஆலிவ் எண்ணெய். ஜூலியஸ் சீசர் விதித்த அபராதமே ஆண்டுக்கு 30 லட்சம் ரோம ராத்தல் எண்ணெய், அதாவது ஆயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதைக் கட்டிவிட்டும் ஊர் தழைத்தது.

இன்னொருவர்: தூண்கள் ஐரோப்பாவுக்குப் போனது உண்மையா?

உண்மை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுத் தூதர் நிறைய அள்ளினார். 1816-17 வாக்கில் ஆங்கிலேயர் எடுத்தவை இங்கிலாந்தின் விண்ட்சர் பூங்காவில் அலங்கார இடிபாடாக நிற்கின்றன. நிஜ இடிபாட்டைப் பிரித்துப் பொய் இடிபாடு கட்டியிருக்கிறார்கள்!

மாணவி (மறுபடியும்): ரோமச் சக்கரவர்த்தி ஒருவர் இங்கே பிறந்தாராமே சார்?

செப்டிமியுஸ் செவேருஸ். பிறந்தது கி.பி. 145, ஆண்டது 193 முதல் 211 வரை. நாற்சந்தியில் நான்கு முக வளைவு, பெரிய மன்றம், துறைமுக விரிவாக்கம் என்று பிறந்த ஊருக்கு வாரி இறைத்தார். துறைமுகம் மட்டும் மணல் சேர்ந்து தூர்ந்துபோனது.

அவருடைய அக்காவோ தங்கையோ ரோமுக்கு வந்தாராம். லத்தீன் சரியாக வாயில் நுழையவில்லை. தம் ஊர்க்காரி பேசுவதைக் கேட்டுக் கூசிப்போன சக்கரவர்த்தி, பரிசுகளைக் கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். இதைச் சொல்லும் பழைய நூல் கதை அளப்பதில் பேர்போனது. இருந்தாலும், அந்த இருமொழிக் கல்வெட்டைப் பார்த்த எனக்கு இதை நம்பத்தான் தோன்றுகிறது.